பிறந்த தேதி கேட்பவர்

"பொறந்த தேதி?" என்று கேட்டுக்கொண்டே இபு குஸ்மி குழந்தையைத் தராசுத் தூளிக்குள் இறக்குகிறார். "ஒன்றரை வயசு இருக்கும் இபு" என்கிறாள் தாய். உடனே குழந்தை தூளியிலிருந்து வெளியே வந்து இபு குஸ்மியின் இடுப்பில் ஏறிவிடுகிறது. தேதி வரும்வரை தராசுக் குண்டு நகராது. "இருக்கும்னு ஒரு தேதி எந்தக் காலண்டர்லயும் இல்ல. நெனச்சுப் பாத்துச் சொல்லு, நான் வச்சிருக்கேன்." வரிசையில் இன்னும் பதினெட்டுத் தாய்மார்கள். அவரது தலைத்துணியில் செருகிய பேனாவைப் பிடுங்க இடுப்பிலிருக்கும் குழந்தை முயல்கிறது. கடைசியில் தேதி வருகிறது. அதற்குள் ஒன்றரை வயது இரண்டேகால் வயதாக வளர்ந்திருக்கும்.

இந்தோனேசியாவின் செமாராங் நகரில், எங்கள் சந்தில் ஒல்லியான குழந்தைகளுக்கெல்லாம் வயது குறைவு. எடை ஏறவில்லையா, வயதை இறக்கு, வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு அழகாக வந்துவிடும். இதைத் தாய்மார்கள் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. மருமகள் தேடும்போது மகனின் வயதைக் குறைக்கும் அதே கைகள்தான். இருபத்திரண்டு வருடங்களாக இந்தக் கைகளோடு மல்லுக்கட்டி வருபவர் இபு குஸ்மி.

வயது ஐம்பத்து மூன்று. முழுப்பெயர் குஸ்மியாத்தி, 'இபு' எங்கள் ஊரில் அம்மா என்பது போல. காலையில் தெம்பே என்கிற சோயாக் கட்டியை வறுத்து விற்பது தொழில். மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, வட்டாரக் கூடத்தின் உத்தரத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, ஐந்து வயதுக்குட்பட்ட எங்கள் எல்லாப் பிள்ளைகளையும் எடை போடுவார். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை சீருடைத் துணி வரும். தையல் கூலி அவருடையது. கடல்நீர் சந்துக்குள் ஏறிவரும் மாதங்களில் மேசைகளைச் செங்கல் மேல் ஏற்றுவார், தாய்மார்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் புதன் தவறாது. எடை பார்த்த பிள்ளைக்கு ஒரு கிண்ணம் பச்சைப்பயறுக் கஞ்சி. பார்க்காமல் கஞ்சிக்கு மட்டும் வரும் பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்குப் பெரும்பாலும் மீசை இருக்கும்.

இத்தனை வருடப் பழக்கத்தில் கண்ணே தராசாகிவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது கைக்குழந்தையை நீட்டினால் கொஞ்சுவதற்கு முன் "எட்டு நானூறு" என்பார். பலாப்பழக்காரன் அவரைக் கண்டால் வண்டியை வேறு பக்கம் திருப்புவான். எங்கள் வட்டாரத் தலைவர் சுகெங் ஐயா, எங்கள் வாயில் பாக் சுகெங், கூட்டத்தில் உட்காரும்போது நாற்காலி ஒரு குரல் கொடுக்கும். பின்வரிசையிலிருந்து இபு குஸ்மியும் மெல்ல ஒரு குரல் கொடுப்பார். போன வருடம் எண்பத்து நாலு, இந்த வருடம் எண்பத்தேழு. தலைவருக்கு எடை நன்றாகவே ஏறுகிறது, அவருக்கு அட்டை தேவையில்லை.

அட்டை தேவைப்பட்டது நைலாவுக்கு.

சில வருடங்களுக்கு முன் ஓர் அதிகாரி வந்து, ரிப்பன் கட்டிய டேப்லெட் ஒன்றை இபு குஸ்மியின் கையில் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். இனி அட்டை வேண்டாம், எல்லாம் திரையில்தான் என்றார்கள். அட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டார்கள். பதினாலு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு புதன்கிழமை, எடை குறிக்கும் ஆப் தனக்கு இன்னும் புதிய டேப் வேண்டும் என்றது. டேப்போ இதற்கு மேல் எனக்கு அப்டேட் வராது என்றது. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் ஒன்றையொன்று பார்க்க மறுத்துவிட்டன. யாரோ வந்து சரிசெய்வார்கள் என்று நம்பி, இபு குஸ்மி அந்தந்த மாத எடைகளை அந்தந்த மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தார்.

வீட்டிலேயே சலவைக்கடை வைத்திருக்கும் ரினியின் மகள் நைலாவுக்கு அப்போது ஒன்பது மாதம். ஒரு தாளில் ஏழு கிலோ நூறு. அடுத்த தாளில் ஏழு கிலோ நூறு. அதற்கடுத்த தாளில் ஏழு கிலோ. இரண்டு மாதம் எடை ஏறாத பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இபு குஸ்மி தூக்கத்தில்கூடச் சொல்லும் விதி. கோடாக இருந்திருந்தால் கண்ணில் குத்தியிருக்கும். மூன்று தாள்களின் முதுகில், அறுபது பிள்ளைகளின் எண்களுக்கு நடுவில் அது ஒளிந்துகொண்டது. நாலாவது மாதம் ரினி காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

நைலாவுக்கு இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. தராசுக் கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடுவதுதான் அவளது புதன்கிழமை வேலை. அந்த ஆஸ்பத்திரி விஷயத்தில் இபு குஸ்மியை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒருமுறை, தெம்பே வறுத்துக்கொண்டிருக்கும்போது என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "யாராவது திட்டியிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன். யாரும் திட்டல. அதத்தான் எங்க வைக்கிறதுன்னு தெரியல."

பழைய டேப்பைத் தெம்பே பாத்திரத்துக்கு மூடியாக வைத்தார். பரணிலிருந்த அட்டைகளை இறக்கினார். கூடத்துச் சுவரில் கயிறு கட்டி, துணிக்கிளிப் போட்டு, பிள்ளைக்கு ஓர் அட்டையாகத் தொங்கவிட்டார்.

இந்த வருடம் சுகாதார நிலையம் மறுபடி சொல்லிவிட்டது: அடுத்த மாதத்திலிருந்து திரையில்தான். டேப்லெட்டை வட்டாரமே வாங்கிக்கொள்ள வேண்டும். வட்டாரத்தில் திரட்டியது இருபது லட்சம் ரூபியா. அதற்கு மேல் ஒரு ரூபியா கிடையாது என்று கூட்டத்தில் அறிவித்த பாக் சுகெங், கையோடு ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தார். விலை மலிவு, இரண்டு வருடம் அப்டேட் வரும், தாராளம் என்றார்.

"ரெண்டு வருஷம் யாருக்குத் தாராளம்?" என்று கேட்டார் இபு குஸ்மி.

"அதுக்கப்புறம் யார் தலைவரோ, அவர் பாத்துக்குவார்."

"உங்க பதவி இன்னும் ரெண்டு வருஷம் பாக். ரினிக்கு நேத்து ரெண்டாவது பொறந்திருக்கு. அதுக்கு அஞ்சு வருஷம்."

கூட்டம் கொஞ்சம் சிரித்தது. பாக் சுகெங்கும் சிரித்தார். இலவசமாகக் கிடைக்கும் எதையும் அவர் விடுவதில்லை. மூன்றாம் நாள் அவரே ஓடிவந்து நல்ல செய்தி சொன்னார். கோ ஹென்ட்ரி கடையில் ஐந்து வருட அப்டேட் உள்ள டேப் பத்தொன்பதரை லட்சத்துக்கு இருக்கிறதாம். பெட்டியிலேயே 'ஐந்து வருடம்' என்று ஒட்டியிருக்கிறதாம். கூடவே ஒரு குடை இலவசமாம். டேப்பைப் பற்றிச் சொன்னதைவிடக் குடையைப் பற்றி விரிவாகச் சொன்னார்: பெரிய குடை, பொத்தானை அழுத்தினால் விரியும்.

பணத்தை வாங்கிக்கொண்டு இபு குஸ்மி புறப்பட்டார். மோட்டார் சைக்கிள் என்னுடையது, எனவே மிச்சத்துக்கு நானே சாட்சி.

கோ ஹென்ட்ரி, அதாவது ஹென்ட்ரி அண்ணன், நல்ல மனிதர். இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறார், எல்லாவற்றையும் 'கேரண்டி' என்ற ஒரே சொல்லால் விற்கிறார். பெட்டியைத் துடைத்து முன்னால் வைத்தார். ஐந்து வருடம் என்ற மஞ்சள் ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. இபு குஸ்மி அதைப் படித்தார். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார். தலைத்துணியிலிருந்து பேனாவை உருவினார்.

"இது எப்பப் பொறந்துச்சு கோ?"

"புதுசு இபு, சீல்கூடப் பிரிக்கல. இன்னிக்கு வாங்குனா இன்னிக்குப் பொறந்தது மாதிரிதான்."

"எங்கிட்ட வர்ற நாளக் கேக்கல. பொறந்த நாளக் கேக்கறேன். இந்த அஞ்சு வருஷம் எந்த நாள்லேருந்து?"

இருபது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கோ ஹென்ட்ரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனில் தேடினார். தேடிக் கிடைத்ததும் இன்னும் கொஞ்சம் தேடினார், வேறு பதில் கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை.

"கம்பெனி மொதமொதல்ல விக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து."

"அது எப்ப?"

"ஒரு மூணு வருஷம் இருக்கும்."

'இருக்கும்' என்ற சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது. இபு குஸ்மி பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"தேதி சொல்லுங்க கோ. நான் வச்சிருக்கேன்."

தேதி வந்தது. மூன்று வருடம் இரண்டு மாதம். ஐந்தில் அது போக மிச்சம் ஒரு வருடம் பத்து மாதம், பாக் சுகெங்கின் பதவியைவிடக் கொஞ்சம் குறைவு.

"மூணு வயசுப் பிள்ளையக் கைக்குழந்தைன்னு சொல்லித் தூளியில ஏத்துறீங்க" என்றார் இபு குஸ்மி, சத்தம் போடாமல். "எங்க சந்துல ஒல்லிப்பிள்ளையோட அம்மாதான் இப்படிச் சொல்லுவா. அவளுக்காவது பயம். உங்களுக்கு என்ன?"

எல்லாக் கடையிலும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் கோ ஹென்ட்ரி. எல்லா வீட்டிலும்கூட இப்படித்தான் என்று இபு குஸ்மி ஒத்துக்கொண்டார். பிறகு கடையிலிருந்த டேப்புகள் ஒவ்வொன்றாக வந்து ஜாதகம் சொல்லின. ஒன்று போன மாதம் பிறந்தது, ஆனால் ஆயுள் நாலே வருடம். நாலு வயதில் பிள்ளையை நடுத்தெருவில் விட முடியாது என்று அது ஒதுக்கப்பட்டது. இன்னொன்று பிறந்து பத்து மாதம், அப்டேட் ஆறு வருடம். ஐந்து வருடம் இரண்டு மாதம் மிச்சம். இபு குஸ்மி விரல்விட்டு இரண்டு முறை எண்ணினார். ரினியின் குழந்தையை அது ஐந்தாவது பிறந்தநாள் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விலை இருபத்து மூன்று லட்சம்.

கையில் இருபது. கோ ஹென்ட்ரி அனுதாபத்தோடு தலையாட்டினார். குடையோடு முதல் டேப்பையே எடுத்துக்கொள்ளச் சொன்னார், எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்களாம். இபு குஸ்மி வெளியே வந்தார். கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

போன் வாங்க ஒரு கல்லூரிப் பையன் வந்தான். "பொறந்த தேதி கேட்டியாப்பா?" என்றார் இபு குஸ்மி. அவன் மரியாதையாகத் தன் பிறந்த தேதியைச் சொன்னான். அவர் விளக்கினார். அவன் கடைக்குள் போய்க் கேட்டான், போன் வாங்காமல் வெளியே வந்தான். அடுத்து ஒரு தம்பதி. மனைவி கேட்டாள், கணவன் பெட்டியை மெல்லத் திருப்பி வைத்தான். இடையிடையே இபு குஸ்மி பையிலிருந்து தெம்பே எடுத்துக் கொறித்தார், கோ ஹென்ட்ரிக்கும் நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லாத ஒருவரை எழுந்து போகச் சொல்வது மிகவும் கடினம்.

மூன்றாவது வாடிக்கையாளர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கோ ஹென்ட்ரி முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நான் என்னதான் செய்யணும் இபு?"

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒண்ணு நிக்குதே. அதுவும் அந்த ஆறு வருஷப் பிள்ளதானே?"

"அது காட்சிக்கு வச்சது. ஓரத்துல கீறல் இருக்கு."

"பொறந்த தேதி?"

"அதேதான்."

"கீறலுக்கு வயசு கெடையாது. எடுங்க."

இருபது லட்சத்துக்கு முடிந்தது. உறை இல்லை, பேனா இல்லை, குடை இல்லை. கட்டிக் கொடுக்கும்போது, கோ ஹென்ட்ரிக்குள் இருந்த நேர்மையான மனிதர் ஒரு நிமிடம் வெளியே வந்தார். ஆறு வருடம் என்பது கம்பெனி சொல்வதுதான், பாதியில் நிறுத்திவிட்டால் தன்னிடம் வந்து கேட்கக் கூடாது என்றார்.

"உங்களை எதுக்குக் கேக்கறேன்? மாசாமாசம் நானே பாப்பேன். ரெண்டு மாசம் வரலைன்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

புதன்கிழமை பாக் சுகெங் சலவைச் சட்டையில் வந்தார். டேப்லெட்டைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார், கீறல் தெரியாத பக்கமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "குடை எங்க?" என்று கேட்டார். இபு குஸ்மி அவரிடம் ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்து உட்கார வைத்தார். நாற்காலி குரல் கொடுத்தது.

வரிசையில் ரினி வந்தாள், துணியில் சுற்றிய பன்னிரண்டு நாள் குழந்தையோடு. நைலா அவள் பாவாடையைப் பிடித்திருந்தாள். கேட்பதற்கு முன்பே ரினி பிறந்த தேதியைச் சொன்னாள், மணியையும் சேர்த்து. தூளியில் மூன்று கிலோ இருநூறு. இபு குஸ்மி திரையில் ஏற்றினார், ஒரு புள்ளி வந்தது. ரினி அந்தப் புள்ளியையும், ஓரத்துக் கீறலையும், மறுபடி புள்ளியையும் பார்த்தாள்.

"இது தாங்குமா இபு?"

இபு குஸ்மி தலைத்துணியிலிருந்து பேனாவை உருவினார். மேசையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்றில் குழந்தையின் தேதியை எழுதி, மூன்று கிலோ இருநூறுக்கு நேராகப் புள்ளி வைத்தார். மற்றதில், குழந்தையின் பெயர் என்று அச்சிட்ட இடத்தில் 'டேப்' என்று எழுதினார். பிறந்த தேதி என்ற இடத்தில் பத்து மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. இந்த மாதக் கட்டத்தில், வந்துவிட்ட அப்டேட்டுக்கு ஒரு புள்ளி. பேனாவைத் தலைத்துணியில் செருகிக்கொண்டு சுவரோரம் போனார். கயிற்றில் காலிக் கிளிப்புகள் நிறையவே இருந்தன. அவர் இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரே கிளிப்பில் மாட்டினார்.