ஞாயிற்றுக்கிழமை நேரில் வரவும்

அடுகோடியில் எங்கள் சந்தில் மொத்தம் பதினோரு வீடுகள். கடிதம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பா மில்லில் சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவர். நான் எட்டாவது வகுப்புக்குப் போனதிலிருந்து யாருக்குக் கார்டு வந்தாலும் அது எங்கள் வாசலுக்கு வரும். படிப்பதும் நானே, பதில் எழுதுவதும் நானே. அந்த மாலை நேரங்களில் பெரியவர்கள்கூட என் முன்னால் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். பதினாறு வயதில் அது தலைக்கு ஏறாமல் இருக்குமா?

எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் என் வயதுதான். தகப்பன் இல்லை. அம்மாவும் அவளும் ஊதுபத்தி உருட்டிப் பிழைத்தார்கள். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்த அவளுடைய தாய்மாமன் மாதம் ஒரு கார்டு போடுவார். ஒரு வருஷமாகக் கடைசி வரி மாறவே இல்லை: என் மகனுக்குப் பெண்ணைக் கொடுக்கிறாயா, சொல். அம்மாவுக்குச் சம்மதம். அவள்தான் வாய் திறக்கவில்லை. பெண் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அம்மா ஒவ்வொரு பதிலிலும் எழுதச் சொல்வார். அப்போதெல்லாம் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து என் எழுத்து ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

குழாயடியில் அவள் ஏதாவது கேட்டால் எனக்கு நாக்கு எழாது. அதனால் எழுதினேன். எனக்குத் தெரிந்த கடித நடை ஒன்றுதான். பத்தடி தூரத்தில் இருக்கிறவளுக்கு 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்து, 'மாமாவுக்குச் சரி என்று சொல்லிவிடாதே, எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது' என்று முடித்தேன். பெயர் போடவில்லை. கையில் கொடுப்பதைவிடத் தபாலில் வருவது கௌரவம் என்று தோன்றியதால், கவரில் ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது, தபால்காரர் அவள் வாசலில் சைக்கிளை நிறுத்தியபோதுதான் உறைத்தது.

அவள் அம்மா வெளியே போயிருந்தார். கவரோடு நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"இன்னா எழுதிகீது, படி."

உள்ளே என் அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காது சந்து முழுக்கப் பிரசித்தம். என் கடிதத்தையே விரித்துப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் படித்தேன். மாமா சௌக்கியம். தங்கவயலில் நல்ல மழை. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

"மாமா எப்பவும் கார்டுதானே போடும். இது கவரா வந்துகீது?"

மழையில் கார்டு நனைந்துவிடும் அல்லவா என்றேன்.

"ஆட்டுக்குட்டி சேதி மட்டுந்தானா? நல்லா பாத்து சொல்லு."

"அவ்ளோதான்."

கவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பதில் எழுதச் சொன்னாள். அவளே சொல்லி நான் எழுதிய முதல் கடிதம் அது.

"மனசுல கீறத எழுதி அனுப்பினா போதாது. நேர்ல வந்து வாயத் தொறந்து சொல்லணும். ஞாயித்துக்கெழம சாயந்திரம் காத்துனு இருப்பேன். இத அப்டியே எழுதி, எங்க சேக்கணுமோ சேத்துடு. உனக்குத் தெரியும்."

மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சந்தோஷம் எனக்கு. மாமாவை நேரில் வரவழைத்து முடியாது என்று சொல்லப்போகிறாள் என்றுகூட நினைத்துக்கொண்டேன். பிழையில்லாமல் எழுதி, தங்கவயல் விலாசம் போட்டு, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

ஞாயிறு சாயங்காலம் அவள் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எங்கள் வீட்டையே பார்த்தாள். மாமா வருகிற நேரத்தில் குறுக்கே நிற்கக் கூடாது என்று நான் உள்ளே போய்ச் சரித்திரப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

மாமா வந்தார், மகனைக் கூட்டிக்கொண்டு, ஒரு கூடைப் பழத்தோடு. பெண்ணே வாய் திறந்து கூப்பிட்டுவிட்டாள் என்று சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவளுடைய அம்மா சந்தோஷத்தில் அழுதார். இருட்டுவதற்குள் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது.

மறுநாள் குழாயடியில், "லெட்டர எங்க போட்ட?" என்று கேட்டாள்.

"தங்கவயலுக்குத்தான். மாமா விலாசத்துக்கு."

"படிச்சவன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அத்தனை துக்கத்திலும் அதை ஒரு பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.