வெள்ளிக்கிழமைத் துணி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பதினேழு வருடமாக ஆபரேஷன் தியேட்டர் விரிப்புகளை அலசுகிறாள். ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் ஜென்மத்துக்கும் போகாது என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டியவள்.

மூட்டு மாற்றும் டாக்டர்கள் இரண்டு பேர். செவ்வாய்க்கிழமை டாக்டரின் துணி ஒரே ஊறலில் வெளுத்துவிடும். வெள்ளிக்கிழமைப் பெரிய டாக்டரின் துணிக்கு மூன்று ஊறலும் போதாது. ஏன் என்று ஒரு வெள்ளிக்கிழமை தியேட்டர் நர்ஸைப் பிடித்துக் குடைந்தாள்.

"செவ்வாய்க்கிழமை டாக்டர் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே நரம்புல ஒரு மருந்து போடச் சொல்லுவாரு. உறைஞ்ச ரத்தம் சீக்கிரம் கரையாது, இழப்பு குறையும். பெரியவர் பழக்கமில்லைம்பாரு."

பழக்கமில்லையாம்! புதுச் செருப்புக்கூட இரண்டு நாளில் பழகிவிடும். வரும் வெள்ளிக்கிழமை அவர் கத்திக்கு முழங்காலை நீட்டப்போவது மிளகாயின் மாமியார். ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு. வீட்டில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம், அது வேறு விஷயம். மூன்றாவது ஊறல் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, பெரிய டாக்டரின் அறை நடுவில் வைத்தாள். தண்ணீர் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"இது இன்னிக்கு உங்க துணி அலசின தண்ணி சார். அந்த மருந்தை ஏன் போடல?"

"ரத்தம் கட்டி அடைச்சுக்கிட்டா நீ பொறுப்பா?"

"யாருக்கு அடைக்கும்னு முன்னாடியே பாத்து, மத்தவங்களுக்குப் போடலாமில்ல?"

"துணி துவைக்கிறவ எனக்கு வைத்தியம் சொல்லித் தர்றியா?"

"அந்தம்மா இத்தனை வருஷமா என் ரத்தத்தைக் குடிச்சவங்க சார். அதை நீங்க வாளியில ஊத்த விடமாட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியாரின் துணி மூட்டை வந்தது. அவிழ்த்து ஊறப்போட்டாள். ஒரே ஊறலில் வெளுத்தது. "சோதிச்சுப் பாத்து மருந்து போட்டாங்க. கண்ணு முழிச்சதும் உங்களைத்தான் திட்டினாங்க" என்றாள் நர்ஸ். முதல்முறையாக அந்தத் திட்டு மிளகாய்க்கு இனித்தது.

பிறகு இரண்டாவது மூட்டை வந்தது. யாரோ ஒரு தையல்காரருடையது. ஒரு ஊறல், இரண்டு, மூன்று. சிவப்பு இறங்கவே இல்லை.

"இவருக்கு?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "சோதிக்கவே இல்லக்கா. உங்க வாயை அடைக்கத்தான் அந்தம்மாவுக்குப் போட்டாரு. இந்த மனுஷனுக்குச் சண்டை போட யாருமில்ல."

மிளகாய் வாளியை எடுத்தாள்.

"யாருமில்லையா? இவருக்கும் நான்தான் மருமகள்னு போய்ச் சொல்றேன்" என்று படியேறினாள்.