கைமாற்று வாங்கிய நீல நூல்

மருதமுனையில் முர்ஷித் காக்காவின் நெசவுசாலையில் றாஹிலாவுக்குக் கணினி வேலை. ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு மேசைவிரிப்புக்கும் அவள் கடவுச்சீட்டு எழுத வேண்டும். மனிதன் கடவுச்சீட்டு எடுப்பதே நாய்படாப் பாடு, இப்போது துணிக்கும் வேண்டுமாம்! பஞ்சு எங்கே விளைந்தது, சாயம் எந்தப் பட்டறையில் ஏறியது, கழிவுநீர் எங்கே போனது, எல்லாம் பதிய வேண்டும். விரிப்பின் மூலையில் தைத்த கியூஆர் குறியில் கைபேசியைக் காட்டினால் அத்தனையும் தெரியும். அடியில் பொறுப்பாளர் என்று றாஹிலாவின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து முதலில் பூரித்துத்தான் போனாள்.

அறுநூறு விரிப்புகளைப் பெட்டி கட்டிய அன்று, தறிக்காரி முனவ்வறா பேச்சுவாக்கில் சொன்னாள்.

"நோன்புக்குள்ள நீல நூல் முடிஞ்சி போச்சே, ஹாஜறா றாத்தாட்ட பத்துக் கட்டு கைமாத்து வாங்கித்தானே நெய்தம்."

நூல் முடிந்தால் பக்கத்து நெசவுசாலையில் வாங்குவதும், வந்ததும் திருப்பிக் கொடுப்பதும் ஊர் வழக்கம். அதை எழுதி வைத்தால் கொடுத்தவர் முகம் சுருங்கும். அதனால் யாரும் எழுதுவதில்லை. றாஹிலாவோ அத்தனை விரிப்புக்கும் ஒரே பட்டறைச் சாயம் என்று பதிந்திருந்தாள்.

பக்கத்து நெசவுசாலை ஹாஜறாவிடம் ஓடினாள்.

"எந்தப் பட்டறைச் சாயம் றாத்தா? பில் இருக்கா?"

ஹாஜறா சிரித்தாள். "என்னகா புள்ள, கைமாத்துக்கு ஆரு பில் வெப்பாங்க? அதும் நான் இன்னொருத்தருட்ட கைமாத்து வாங்கினதுதான்."

முர்ஷித்திடம் சொன்னபோது அவர் முகம் வெளிறியது. "பேசாம இரி. ஆருக்குத் தெரியப் போகுது? இந்த ஓடர் போனா பதினாலு பேரும் ஊட்ட இருக்கோணும்."

அவர் சொன்னதும் உண்மைதான். பதினாலு பேர் பிழைப்பு என் கையாலேயே போய்விடுமா என்று அவள் அஞ்சினாள்.

"அதுல என்ட பேர் கிடக்கு, காக்கா," என்றாள்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு, கைமாற்று நீலம் கலந்த நூற்றிருபது விரிப்புகளைத் தனியே எடுத்ததாகக் காரணத்தோடு ஐரோப்பியக் கம்பனிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். மாலை அஸர் தொழுகைக்கு முன்னமே பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, மற்றவற்றை அனுப்பலாம். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று முர்ஷித் கதிரையில் சாய்ந்தார்.

கீழே இன்னொரு வரி இருந்தது. இரண்டு வருடங்களாக நீங்கள் அனுப்பிய ஒன்பதாயிரம் விரிப்புகளில், இப்படி வெளியே வாங்கிய நூல் எத்தனையில் இருக்கிறது?

றாஹிலா எழும்பிப் போய் முனவ்வறாவிடம் கேட்டாள். முனவ்வறா தறியை நிறுத்தவே இல்லை.

"என்னகா இப்பிடிக் கேக்காய்? மாசா மாசம் வாங்குறதானே."