மழையில் நனையாத சம்மனசு

1993 ஏப்ரல் 3, சனிக்கிழமை. மறுநாள் குருத்து ஞாயிறு. அப்பா விடியுமுன்பே பிரட்டுக்குப் போய்விட்டார். அவர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். பிரட்டில் ஆட்களுக்குப் பெயர் பதிந்து, வேலை பிரித்துக் கொடுத்து, அவர்கள் மலைக்குப் பிரிந்து போன பிறகுதான் தேத்தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வருவார். அம்மா ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பல் அரைத்தாள். நான் குசினி வாசலில் உட்கார்ந்து குருத்தோலைகளைச் சிலுவைகளாக மடித்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. மடித்தவற்றில் பாதி அவிழ்ந்துகொண்டன. அம்மா அவற்றை எடுத்து மறுபடி மடித்தாள்.  

மாமா முதல்நாள் மாலையே கண்டியிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அங்கே குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் அவருக்குக் குருப்பட்டம். மாத்தளைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை ஒருவரும் சாமியாரானதில்லை. ஆகவே தோட்டம் முழுவதும் அவரை 'பிரதர்' என்றே அழைத்தது. வெள்ளை அங்கியோடு அவர் பாதையில் இறங்கினால், முருகன் கோயில் பூசாரிகூட சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார்.

அந்த அங்கிக்குப் பின்னால் ஒரு நேர்த்தி இருந்தது. மாமாவுக்கு ஆறு வயதில் நெருப்புக் காய்ச்சல் கண்டு, பிழைப்பது கடினம் என்று சொல்லிவிட்டார்களாம். தாயும் தகப்பனும் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணாக இருந்த அம்மா, தம்பி பிழைத்தால் அவனை ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று மாதா சுரூபத்தின் முன் நேர்ந்துகொண்டாள். தம்பி பிழைத்தான். கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. அந்த வாரம் அம்மாவுக்கு மட்டும் எழுந்திருக்க வேண்டும். வந்த அன்று மாமா, "அக்கா, ஒங்களோட கொஞ்சம் பேசணும்," என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அம்மாவுக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, டவுனிலிருந்து டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஆண்டவருடைய சிலுவைப் பாடுகளின் படத்தைப் பிள்ளை மடுவத்தில் போடுவது தோட்டத்து வழக்கம். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பகலில் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. ஒவ்வொரு வருடமும் அதே கசெட். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் எல்லாரும் அழுவார்கள். இந்துக்களும் வந்து அழுவார்கள். அந்த வருடம் வேறொரு தோட்டத்துக்காரர்கள் முந்திக்கொண்டு கசெட்டை எடுத்துப் போயிருந்தார்கள். காலை பஸ்ஸில் டவுனுக்குப் போன மாமா, மத்தியானம் முச்சக்கர வண்டியில் டீவியோடும் டெக்கோடும் மட்டும் திரும்பினார். பிறகு தன் பையிலிருந்தே ஒரு கசெட்டை எடுத்தார்.

என்ன படம் என்று உபதேசியார் விசாரித்தார். ஃபாதர் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துகிறவர் அவர். மறுநாள் பூசைக்கு ஃபாதர் வருவதாக இருந்ததால், அன்று எல்லாவற்றிலும் கண்ணாக இருந்தார்.

"சம்மனசுகளப் பத்தினது," என்றார் மாமா.

அதற்குமேல் உபதேசியாருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. சம்மனசு என்றால் அவருக்குப் பீடத்தின் இருபுறமும் முழந்தாளிட்டிருக்கும், இறக்கை வைத்த தேவதூதர்கள்தான். அவர்களால் தவக்காலத்துக்கு என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது?

நான்கு மணிக்குப் படம். ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். சேலைத் தொட்டில்களைச் சுருட்டி உத்தரத்தோடு கட்டினார்கள். ஒன்றில் மட்டும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் அதை விட்டுவைத்தார்கள். அதன் கீழே யாரும் உட்காரவில்லை. உபதேசியாருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி. அவருக்குப் பின்னால் பாயில் அம்மாவும் நானும். அப்பா கதவருகே நின்றார்.

படம் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பாஷை. அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடியது. இப்படியான படங்களுக்கு யாராவது டீவிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார்கள்; அன்று மாமா நின்றார். அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர அந்த எழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் அப்பாவும் உபதேசியாரும்தான். அப்பா கண்ணாடி கொண்டுவரவில்லை. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இரண்டு சொல் படிப்பதற்குள் வரி போய்விடும்.

துறைமுகப் பட்டினம் ஒன்று. ஓயாத மழை. வெளிறிய சட்டை போட்ட ஆண்களும் பெண்களும் கூரைகளின்மேல் வெறுங்காலோடு உட்கார்ந்து, கீழே போகிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் சம்மனசுகள். மழை அவர்கள்மேல் விழுந்தது, ஆனால் நனைக்கவில்லை. அவர்கள் நடந்தால் சத்தம் கேட்கவில்லை.

"றெக்க எங்க பிரதர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சலவைக்குப் போட்டிருப்பார்கள் என்று இன்னொருவர் சொன்னார். சிரிப்பு எழுந்தது. உபதேசியார் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

அந்தச் சம்மனசுகளில் ஒருவன், மூட்டை தூக்குகிற கிழவன் ஒருவன் ரொட்டி தின்பதைப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பசி எடுக்க வேண்டும் என்று ஆசை, மழையில் நனைய வேண்டும் என்று ஆசை, நடந்து நடந்து கால் வலிக்க வேண்டும் என்று ஆசை என்று மாமா விளக்கினார்.

கங்காணியின் மனைவிக்கு வாய் சும்மா இருக்காது. "அதுக்கு ஏன் அங்க உக்காந்து ஏங்குறாரு? நம்ம மலைக்கு அனுப்பி வைங்க பிரதர். நாலு நாள் நனைஞ்சு, அட்ட கடிச்சா, எல்லா ஆசயும் தீந்துரும்."

மடுவமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பிறகு எந்த நேரத்தில் சிரிப்பு நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. படித்துறையில் ஒருத்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி அவள் விரலில் பட்டது. அந்தச் சம்மனசு பக்கத்திலேயே இருந்தும், விரலைப் பிடிக்க அவனால் முடியவில்லை. கை அவள் கையினூடாகப் போய்வந்தது. பீடி பற்றவைக்க எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கங்காணியின் மனைவி, கொழுந்துக் கறை ஏறிய தன் விரல்களை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

நான் படத்தைவிட அதிகமாக உபதேசியாரின் பின்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழுத்தின்மேல் மெல்ல நகரும். பிறகு மாமாவின் பக்கம் திரும்பும். படம் எங்கே போகிறது என்று ஒருமுறை கேட்டார். கொஞ்சம் பாருங்கள் ஐயா என்றார் மாமா. அவருடைய குரல் மாறியிருந்தது.

வெளியே ஏப்ரல் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் மாமா கத்திப் பேச வேண்டியதாயிற்று. திரையில் அந்தச் சம்மனசு ஒரு கலங்கரை விளக்கின் உச்சிக்கு ஏறிப்போய், மேலே பார்த்து நின்றான். மேலே யாரும் தெரியவில்லை. அவன் முகம் மட்டும் திரை முழுவதும் நெடுநேரம் இருந்தது. வாய் மூடியிருந்தது. அடியில் எழுத்தும் இல்லை.

மாமா பேசினார்.

"நீங்க என்னய அன்பாத்தான் வச்சிருந்தீங்க. ஆனா மேலருந்து பாத்துப் பாத்து, பாக்கிறது மட்டுமே என் வேலயாப் போச்சு. ஒருத்தர் கஷ்டத்தையும் நான் தொட்டதில்ல. என்னய எறங்க விடுங்க. ஒங்க வார்த்தைக்கு ஒரு குத்தமும் வராது. எறங்கினாலும் நான் ஒங்களுக்கு இல்லாமப் போயிற மாட்டேன்."

 எழுத்து இல்லாத இடத்தில் மாமா சொந்தமாகக் கட்டிச் சொல்கிறார். தவக்காலத்தில், அங்கி போட்டுக்கொண்டு, இத்தனை பேர் முன்னால். உபதேசியாருக்கு அது தெரிந்துவிட்டது. அவர் தலை திரும்பியது. இப்போது எழுந்து மாமாவை அவமானப்படுத்தப்போகிறார், நாளைக்கு ஃபாதரிடம் சொல்லிக்கொடுக்கப்போகிறார் என்று பயந்தேன். ஆனால் அவர் மாமாவைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அது எனக்கு வலித்தது.

திரையில் சம்மனசு இறங்கினான். அதுவரை சத்தமில்லாமலிருந்த அவன் கால் கல்லில் பட்டு 'தப்' என்று கேட்டது. திரையில் பெய்த மழைக்கும் எங்கள் கூரையில் பெய்த மழைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "நனைஞ்சிட்டான்," என்று யாரோ, பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்கள். குளிரில் நடுங்கி நின்றவனுக்கு அந்த மீன்காரி ஒரு சாக்கை எடுத்துப் போட்டாள். மலையில் எங்கள் பெண்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிறார்களே, அப்படியான சாக்கு.

இத்தனை வருடம் கழித்து, சென்ற மாதம் அந்தப் படத்தைக் கைபேசியில் தேடியெடுத்து மறுபடி பார்த்தேன். கீழே பல நாட்டு ஆட்கள் தங்கள் ரசனையை எழுதியிருந்தார்கள்: அதன் வெளிச்சம், அதன் மௌனம், ஒரு கவிதையைப்போல் அது நகரும் விதம். எல்லாம் உண்மைதான். அட்டைக் கடியைப்பற்றி ஒருவரும் எழுதவில்லை. கலங்கரை விளக்கின் உச்சியில் நிற்கும் இடத்தை நிறுத்திப் பார்த்தேன். எழுத்து இல்லை.

அன்று படம் முடிந்து கம்பளிகளை விலக்கினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"பாவம்," என்றாள் கங்காணியின் மனைவி. "இனி அவனுக்கும் பிரட்டு உண்டு."

உபதேசியார் எழுந்து நின்றார். "பிரதர், அந்த ஒசரத்துல நின்னு அது பேசினிச்சே. அது எழுத்துல வரல்லியே?"

மாமா டெக்கிலிருந்து கசெட்டை எடுக்கக் குனிந்தார். 

"அவ்வளவு நேரம் மொகத்தக் காட்டுறாங்க. எழுத்து வேறயா வேணும் ஐயா?" என்றாள் கங்காணியின் மனைவி. சிலர் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அந்த நேர்த்தியை வைத்தபோது பக்கத்தில் நின்று செபம் சொன்னவர் அவர்.

அம்மா பாயைச் சுருட்டினாள். சுருட்டி முடித்து, "தம்பி சரியாத்தான் சொல்லிச்சுங்க ஐயா," என்றாள்.

அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. இத்தனை தைரியமாக அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

மழையில் வீட்டுக்குப் போனோம். அம்மா என்மேல் குடை பிடித்தாள். மாமா முன்னால் நனைந்துகொண்டே நடந்தார். அம்மா அவரைக் கூப்பிடவில்லை.

இரவுச் சாப்பாட்டை நேரத்தோடே போட்டாள். நான்கு பேரும் உட்கார்ந்தோம். அம்மா கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த மீன்காரிக்காகத்தான் எறங்கினானா?"

"இல்லக்கா. அவளப் பாக்கிறதுக்கு முந்தியே அவனால முடியாமப் போச்சு."

படத்தில் அப்படியில்லை என்று நான் சொல்லத் தொடங்கினேன். அப்பா என் தட்டில் ஒரு துண்டுக் கருவாட்டை வைத்து, சாப்பிடச் சொன்னார்.

"எறங்கினதுக்கு மேல இருக்கிறவரு கோவிச்சுக்கிட்டாரா?"

"அது படத்துல காட்டல்ல."

"நீ என்ன நெனைக்கிற?"

மாமா நெடுநேரம் சோற்றைப் பிசைந்தார். "தெரியலக்கா. அதுதான் பயமா இருக்கு."

 அம்மா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். பருப்பை ஊற்றினாள். பிறகு எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். மழை இன்று விடாது போலிருக்கிறது என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல்.

பாடுகளின் படத்தை எத்தனையோ வருடம் பார்த்திருந்தும், வீட்டுக்கு வந்து அதைப்பற்றி இப்படி யாரும் பேசி நான் கண்டதில்லை. எங்கள் தோட்டத்தில் அந்தப் படத்தை எல்லாரிலும் ஆழமாக ரசித்தவர்கள் அம்மாவும் மாமாவும்தான் என்று படுக்கும்போது முடிவுசெய்தேன். அந்த முடிவைத் தவறென்று இன்றும் சொல்லமாட்டேன்.

குருத்து ஞாயிறு காலையில் அம்மா அடுப்பு மூட்டவில்லை. எழுந்ததும் அலுமாரியைத் திறந்து, அப்பாவின் கல்யாணக் கறுப்புக் காற்சட்டையை எடுத்தாள். மாமா அப்பாவைவிட உயரம். தையல் மெஷினடியில் உட்கார்ந்து, பிளேடால் காற்சட்டையின் கால் மடிப்புகளைப் பிரித்து, நீளத்தை இறக்கிவிட்டாள். விளிம்பைப் புதிதாகக் கையால் தைக்க, ஊசி கோர்த்துத் தரச்சொல்லி என்னைக் கூப்பிட்டாள். நேற்றைய மழையில் மாமாவின் அங்கி காயவில்லை போலும் என்று அப்போது நினைத்துக்கொண்டு, ஊசியில் கறுப்பு நூலைக் கோர்த்து அவளிடம் கொடுத்தேன்.