ஞானையாவின் நாற்பத்தாறு நோட்டுகள்

இரும்புலியூர் ஞானையாவைப் போலப் பிரசங்கம் கேட்கத் தாம்பரம் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் முதல் பெஞ்சு, மடியில் நோட்டு, சட்டைப்பையில் மூன்று பேனா. எச்சரிப்புக்குச் சிவப்பு, வாக்குத்தத்தத்துக்குப் பச்சை, மற்றதற்கெல்லாம் நீலம். அவர் எழுதுவதை நிறுத்தினால் போதகருக்கே நாக்கு குழறும். இதுவரை நாற்பத்தாறு நோட்டு. வேத ஞானமெல்லாம் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

"தலை சுத்துதுங்க" என்று மனைவி ரூபாவதி முதலில் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. "ம்ம்" என்றார். "டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டாரு, கூட ஆள் வரணுமாம்" என்றாள் அடுத்த வாரம். "ஒரு நிமிஷம்" என்று விரலைத் தூக்கினார். அந்த நிமிஷம் முடிந்தபாடில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். பேசப்போவது அவர்தான், தலைப்பு 'செவிகொடுத்தல்'. பாவம், மனுஷனுக்கு எவ்வளவு வேலை!

கூட்டத்தில் ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினார். பிறகு வழக்கம்போல ஜெப விண்ணப்பச் சீட்டுகள் வந்தன. அதில் யாரும் பெயர் போடுவதில்லை. ஐந்தாவது சீட்டைப் பிரித்து வாசித்தார்.

'ஒரு மாதமாகத் தலைசுற்றல். ஸ்கேன் எடுக்க வேண்டும். கணவர் இருக்கிறார், காது கொடுத்துக் கேட்பதில்லை.'

ஞானையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினார். "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் புருஷன் என்ன மனுஷன்? அந்தக் கல்நெஞ்சக்காரனை இன்றைக்கே உணர்த்தும்! அவன் காதைத் திறந்தருளும்!"

"ஆமென்" என்றது அடுக்களை வாசலிலிருந்து ஒரு குரல்.

ரூபாவதியின் தலைசுற்றல் மாடி வீட்டு ஹேமாவதி உட்பட அங்கே எல்லோருக்கும் தெரியும். ஞானையா சீட்டை மறுபடி பார்த்தார். மாதாமாதம் மளிகை லிஸ்ட்டில் பார்க்கிற கையெழுத்து. அவமானத்தில் முகம் வெந்துபோயிற்று.

திங்கட்கிழமை ஸ்கேனுக்குக் கூடவே போனார், நாற்பத்தேழாவது நோட்டோடு.

"படுத்திருக்கும்போது சுத்துதா, நடக்கும்போதா? நீங்க பார்த்திருப்பீங்களே சார்" என்றார் டாக்டர்.

ஞானையா மனைவியைப் பார்த்தார். அவள் சொல்ல ஆரம்பித்ததும் அவசரமாகச் சிவப்புப் பேனாவை எடுத்தார். ரூபாவதி அதை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"எழுத வேணாம். கேளுங்க."

கேட்டார். சமையல்கட்டில் இரண்டு தடவை விழுந்ததாம். அவள் சொன்ன ஒவ்வொன்றும் அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. எல்லாமே அவரிடம் ஏற்கெனவே சொன்னதுதான்.