லோடு நிறையாத வண்டி

கரண்டு வண்டி வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் நடப்பதில்லை. இதைச் சொன்னால் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவள் என்று எனக்குப் பெயர். இருக்கட்டும், சொல்லத்தான் போகிறேன்.

என் கணவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். அங்கே பாதி நிறைந்த சூளையைப் பற்றவைக்க மாட்டார்கள். கொஞ்சம் கப் வைத்தாலும் நிறைய வைத்தாலும் சூளை சூடேற ஒரே தீனிதான் கேட்கும் என்பார். அந்தப் பழக்கத்தைப் பழைய பெட்ரோல் பைக்கிலும் வைத்திருந்தார். சாவியை எடுத்ததும் வாசலில் நின்று, "லோடு நெறஞ்சுதா?" என்று கேட்பார். மாவு மில், மருந்துக்கடை, மகளுடைய ஜெராக்ஸ் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வோம். ஒரே ஒரு வேலைதான் என்றால் வண்டி நகராது. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த பைக் வாசலில் நின்ற நேரம்தான் அதிகம்.

கரண்டு வண்டி வாங்கலாமா என்று அவர் கேட்டபோது நான் உடனே தலையாட்டினேன். அதற்கு என் அக்கா காரணம். அவள் கம்மாபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவர்கள் பயிர் வைக்கிற கொல்லையைத் தாண்டினால் நிலக்கரிச் சுரங்கம். அந்தக் கரியை எரித்துத்தான் கரண்டு எடுக்கிறார்கள். சுரங்கத்துக்கு இன்னும் நிலம் வேண்டுமாம், அக்காவின் கொல்லையும் போகும் என்று ஊரில் பேச்சு. போன் செய்யும்போதெல்லாம் அழுவாள். நான் அவளுக்குத் தைரியம் சொல்லுவேன். குறைவாகத் தின்கிற வண்டி, குறைவாகத் தின்கிற லைட்டு, ஃபேன் என்று எல்லாம் மாறிக்கொண்டு வருகிறது, எரிப்பது தானாகக் குறையும், உங்களை விட்டுவிடுவார்கள் என்பேன். கரண்டு வண்டிக்கும் கரண்டு வேண்டும்தான், ஆனால் கொஞ்சூண்டு. மொத்தத்தில் எரிவது குறையும் என்று நினைத்தேன். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்?

வண்டி குறைவாகத்தான் தின்றது. அதில் பொய்யில்லை.

வாங்கிய புதிதில் ஒருநாள் கடைக்குப் போனவர் கொத்தமல்லியை மறந்துவிட்டு வந்தார். முன்பானால் அன்றைக்குக் கொத்தமல்லி இல்லாத ரசம். இப்போது, சும்மாதானே ஓடுது என்று திரும்பவும் கிளம்பிவிட்டார். அந்தச் 'சும்மா'தான் எங்களைக் கெடுத்தது. தெருமுனையில் இருக்கும் டியூஷனுக்கு மகள் வண்டியில் போகிறாள். கத்தரிக்காய் நன்றாக இருக்கும் என்று கருவேப்பிலங்குறிச்சிக்குப் போகிறார்கள். பரோட்டா தின்ன வேப்பூர் ரோட்டுக்கடை. ஒன்றுமே இல்லையென்றால் காற்று வாங்க ஒரு சுற்று. பழைய பைக்கை விற்றுவிடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றார். அது எங்கே கிடக்கிறது? அப்பா ஒன்றை எடுத்தால் மகள் மற்றொன்றை எடுக்கிறாள். முன்பு வாசலில் ஒரு வண்டி நின்றது, இப்போது இரண்டு வண்டி ஓடுகிறது.

வெறும் தீப்பெட்டி வாங்க அவர் கிளம்பிய அன்று, லோடு நிறைந்ததா என்று நானே கேட்டேன். சிரித்தார்.

"அது அந்த வண்டிக்குடி. இது திங்கிறதே கம்மி. எத்தினி வாட்டி போனா என்ன?"

தலையில் அடித்துக்கொண்டேன். சூளை விஷயத்தில் அவ்வளவு கறாரான மனுஷன்! ஒரு தடவைக்கு ஆகிற செலவு குறைந்ததும் எத்தனை தடவை என்கிற கேள்வியே அவருக்கு மறந்துபோயிற்று. அவரை மட்டும் சொல்லி என்ன? எங்கள் தெரு முழுக்க இதே கதைதான்.

இந்தக் கோடையில் அக்காவைப் பார்க்கப் போனோம். முன்பெல்லாம் பஸ்ஸில்தான் போவோம், இந்தத் தடவை கரண்டு வண்டியில். அன்றைக்குக் காலையிலிருந்தே அவர் ஊரைச் சுற்றியதில் வண்டியில் சார்ஜ் இறங்கியிருந்தது. போய்ச் சேர்ந்த உடனே பிளக் எங்கே என்று கேட்டார். கூடத்தில் இருந்தது ஒன்றுதான். அதில் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஃபேனைப் பிடுங்கிவிட்டு வண்டிக்கு இடம் கொடுத்தாள்.

என் கணவர் அக்கா வீட்டுக்காரரிடம் வண்டியின் பெருமையை அளக்க ஆரம்பித்தார். வேப்பூர், கருவேப்பிலங்குறிச்சி என்று போய்வந்த இடங்களையெல்லாம் சொன்னார். அந்தப் புழுக்கத்தில் அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சுரங்கத்துக்காரர்கள் கொல்லையை அளந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றும், வீட்டையும் கேட்பார்கள் போலிருக்கிறது என்றும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு சார்ஜர் ஒயரைப் பார்த்தாள்.

"இந்த மாதிரி வண்டி வந்தா எரிக்கிறது கொறையும்னு நீதானடி சொன்ன. கொறஞ்சுதா?"

"வண்டி கம்மியாத்தாங்க்கா திங்கிது. நாங்கதான்…" என்றேன். அவமானமாக இருந்தது. அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் ஊருக்குத் திரும்ப வேண்டுமே.

கிளம்பும்போது அக்கா பை நிறையக் கொல்லையில் பறித்த வெண்டைக்காயைக் கொடுத்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த என் தோளைத் தொட்டாள். குத்திக்காட்டவில்லை, நிஜமான ஆசையோடுதான் சொன்னாள்.

"இனிமே பஸ்ஸுக்குக் காத்துக்கெடக்க வேணாம் இல்ல. நெனச்சா வந்துட்டுப் போடி. வூடு இருக்குற வரைக்கும் வா."