நெல் மூட்டைக்கு நடுவே ஒரு ரோபோ

எங்கள் ஊர் அமைதியான ஊர் என்று ரொம்ப வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, லண்டன் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அங்கே நான் இருமினால், பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் வாசலில் பார்த்து, உடம்பு தேவலையா என்று கேட்பார். சுவர் அவ்வளவு மெல்லிசு, தெரு அவ்வளவு நிசப்தம். எனக்கு ரோஷம் வந்துவிடும். இது என்ன அமைதி, கூத்தாநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள், வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது வீட்டுக்குள் கேட்கும் என்பேன். இதை அப்படியே நம்பியவள் ஹெலன். அவளை எனக்கு அறிமுகப்படுத்தி வைத்தது ஒரு ரோபோ.

பிழைப்புக்கு நான் பார்ப்பது பஸ் டிப்போ வேலை. ஆசைக்கு வாசிப்பது மோர்சிங், பல்லில் வைத்து விரலால் சுண்டுகிற அந்தச் சின்ன இரும்பு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கல்யாணக் கச்சேரியில் நான் வாசித்ததைக் கேட்ட யாரோ சொல்லி, ஒரு சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ரோபோ பூமியில் டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிற சிரிப்புப் படம். முதல் பாகம் ஓடிவிட்டதால் இரண்டாம் பாகத்துக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ரா. ரோபோவுக்கு முழங்கால் கழன்ற நடை. அந்த முழங்காலுக்கு மட்டும் மோர்சிங் வேண்டும் என்று இசையமைப்பாளர் பிடிவாதமாக இருந்தாராம். ஒலிப்பதிவு மண்டபத்தில் எண்பது பேர் வயலினும் பித்தளைக் குழலுமாக உட்கார்ந்திருக்க, நான் சட்டைப்பையில் என் வாத்தியத்தோடு போய் நின்றேன். ஹெலன்தான் அங்கே எல்லாரையும் மேய்ப்பவள். "உன் க்யூ வரும், காத்திரு" என்றாள். க்யூ என்றால் அங்கே வாசிக்கச் சொல்லும் சைகையாம், எனக்குத் தெரிந்தது ரேஷன் கடை க்யூதான். எழுந்துபோய் முரசடிப்பவர் பின்னால் வரிசையாக நின்றேன். அவர் பாத்ரூமுக்கு வழி கேட்கிறேன் என்று நினைத்துக் கதவைக் காட்டினார். அப்புறம் சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள். வாசித்தேன். எட்டே தட்டு. எண்பது பேரும் சும்மா இருக்க, என் இரும்பு மட்டும் பேசுகிற இடம்.

இந்தத் தை மாதம் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் சடங்கு, முதல் நாள் வீட்டில் சொந்தபந்தம். மனைவி செல்வியும் நானும் வந்து இறங்கியிருந்தோம். மதியச் சாப்பாட்டில் கை வைத்த நேரம் ஹெலன் கூப்பிட்டாள். என் எட்டுத் தட்டு வருகிற காட்சியை டைரக்டர் மாற்றிவிட்டாராம். முன்பு ரோபோ தன் கிரகத்துக்குத் திரும்பிப் போகக் கப்பலில் ஏறிவிடும். இப்போது கப்பல் வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே எட்டுத் தட்டையும் புதிதாக வாசித்து அனுப்ப வேண்டும், அங்கே மதியத்துக்குள். நமக்கு அது பொழுது சாய்கிற நேரம். வராவிட்டால் கீபோர்டில் அந்தச் சத்தம் இருக்கிறது, ஒருவர் பொத்தானை அமுக்கிவிடுவார். "ஆனால் நீதான் உன் அமைதியான ஊரில் இருக்கிறாயே" என்று அவளே தைரியமும் சொன்னாள். அந்தப் படத்தில் எனக்கென்று இருப்பது அந்த எட்டுத் தட்டு. அதுவும் பொத்தானுக்குப் போனால், நான் அந்த மண்டபத்துக்குள் போனதற்கு அடையாளமே இல்லை. இலையைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

அப்போதுதான் முதல்முறையாக எங்கள் ஊரைக் காதால் கேட்டேன். வாசலில் மைக்செட். மேலத்தெருவில் இன்னொரு மைக்செட். கொல்லைக்குப் பின்னால் வயலில் அறுவடை மெஷின், அதன் பக்கத்தில் டிராக்டர். மாமரத்தில் காக்காய்க் கூட்டம். மொட்டை மாடிக்குப் போனேன், இன்னும் தெளிவாகக் கேட்டது. வாய்க்கால் கரைக்கு ஓடினேன், அங்கே மோட்டார். ஹெலன் மறுபடி கூப்பிட்டபோது, ஹார்வெஸ்டர் ஓடுகிறது, அது நிற்கட்டும் என்றேன். அவள் காதில் ஹார்ப்பிஸ்ட் என்று விழுந்திருக்கிறது. உன் வயலில் ஹார்ப் வாசிப்பவர் எதற்கு, நாங்கள் கேட்கவில்லையே என்று பதறினாள். விளக்க ஆரம்பித்தால் இருட்டிவிடும் என்று, அவரைப் போகச் சொல்லிவிடுகிறேன் என்று போனை வைத்தேன்.

அண்ணனிடம் போய் மைக்செட்டை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன். பட்டு வேட்டியை அப்போதுதான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கல்யாண வீடா, எழவு வீடாடா? ஒரு கம்பியைப் பல்லுல வச்சு டொய்ங்குனு சுண்டுறதுக்கு ஊரே வாயை மூடணுமா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"மெயினை இறக்கிடுறேன். கரன்ட் போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. சீக்கிரம் முடி."

செல்விதான் நெல் அறையைக் காட்டினாள். கொள்முதல் நிலையத்தில் முறை வராததால் பின்கட்டு அறையில் உத்திரம்வரை மூட்டை அடுக்கியிருந்தது. நடுவில் ஆள் புகுகிற இடைவெளி. உள்ளே நுழைந்ததும் காது அடைத்தாற்போல் ஆயிற்று. லண்டன் மண்டபத்தில் சுவருக்குப் பஞ்சு வைத்து வாங்கிய நிசப்தத்தை இங்கே நெல் சும்மா கொடுத்தது. கையோடு கொண்டுவந்திருந்த சின்ன மைக்கைப் போனில் செருகி, தாளம் காட்ட ஹெலன் அனுப்பியிருந்த கிளிக் சத்தத்தைக் காதில் மாட்டினேன். வெளியே பாட்டு நின்றது. கரன்ட் போனதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை, பழக்கம். ஃபேனும் நின்றது. அப்புறம் வியர்த்தது. வியர்த்த இடத்திலெல்லாம் நெல் சுணை ஒட்டியது.

சுணை பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் ஆரம்பித்தது, முதுகில் இறங்கியது. ஒரு கை மோர்சிங்கைப் பிடித்திருக்கிறது, ஒரு கை சுண்ட வேண்டும், சொறிய மூன்றாவது கை இல்லை. முதல் தடவை மூன்றாம் தட்டில் தும்மினேன். இரண்டாம் தடவை கதவைத் தட்டினாள் செல்வி.

"ஏங்க, அண்ணி காப்பி ஆறுதுன்னு நிக்கிறாங்க. முடிஞ்சுதா இல்லையா?"

குழறி எதையோ சொன்னேன். அவள் போய்விட்டாள். சின்ன வயதில் களத்தில் நெல் போரடித்த நாட்களில் இதே சுணையோடு வாய்க்காலில் போய் விழுவேன். அப்போது பாதி உலகம் தள்ளி உட்கார்ந்து எவரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். போகிற நாலு தட்டு, திரும்புகிற நாலு தட்டு. கடைசித் தட்டின் அதிர்வு அடங்கும்வரை அசையவில்லை. அனுப்பிவிட்டு, அண்ணியின் காப்பியையும் தாண்டிக் கிணற்றடிக்கு ஓடினேன்.

படம் வந்ததும் ஈஸ்ட் ஹாம் பக்கத்துத் தியேட்டரில் செல்வியோடு பார்த்தேன். அந்த இடம் வந்ததும் என் கை சீட்டைப் பிடித்துக்கொண்டது. சத்தம் என்னுடையதுதான், பொத்தான் இல்லை. ஆனால் ஏதோ இடறியது. ஹெலனைக் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். முதல் நாலு தட்டைப் பழைய பதிவிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள், அடுத்த நாலு தட்டுதான் ஊரிலிருந்து அனுப்பியது, நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதாவது அந்த ரோபோ ஊருக்குப் போவதற்காகக் கப்பலை நோக்கி நடப்பது லண்டனில் வாசித்தது. போகாமல் திரும்பி நடப்பது எங்கள் ஊரில் வாசித்தது.